அண்ணத்தில் ஒரு கருப்பு

நுகர்வோர் ஆணையத்தில் நான் நடத்திய மருத்துவ வழக்குகளில் இந்த ஒன்றைப் பல் டாக்டர் யாரைப் பார்த்தாலும் சொல்லிவிடுவேன்.

மனுதாரர் ஒரு மகள். அறுபதைத் தாண்டிய அவருடைய அம்மா பல்செட்டுக்கு அளவு கொடுக்கப் போனபோது, மேல் அண்ணத்தில் உளுந்தளவு கருப்பு இருந்தது. வலி இல்லை. "பல் அடைத்த வெள்ளிக் கறைம்மா, ஒன்றும் செய்யாது" என்று டாக்டர் அனுப்பிவிட்டார். அடுத்த வருடம் பல்செட் பொருந்தவில்லை. கருப்பு பரவித் தடித்து ரத்தம் கசிந்தது. வேறு மருத்துவமனையில் சதை எடுத்துப் பார்த்தார்கள்: மெலனோமா என்ற புற்றுநோய். வழக்கு போடும்போது அம்மா இல்லை.

மெலனோமாக்களில் நூற்றுக்கு ஒன்றுகூட வாய்க்குள் வருவதில்லை. வந்தால் பெரும்பாலும் மேல் அண்ணத்திலும் மேல் ஈற்றிலும்தான். எதிர்த்தரப்பு அந்த அபூர்வத்தைச் சொல்லியே வாதாடியது. கணிப்பு தவறியது என்பதாலேயே கவனக்குறைவு ஆகிவிடாது என்ற உச்ச நீதிமன்றத்தின் 2005 ஜேக்கப் மேத்யூ தீர்ப்பையும் காட்டியது. சட்டம் அதுதான். வாயில் கருப்பு தெரிந்தாலே நோய் என்றும் இல்லை; நம்மவர்களுக்கு ஈறு இருபுறமும் ஒரே மாதிரி கறுத்திருப்பது சாதாரணம். அதையெல்லாம் வெட்டிப் பார்க்க முடியாது.

ஆனால் இது ஒரே பக்கத்தில் தனியாக இருந்த கருப்பு. கேஸ் ஷீட்டோடு பின் செய்திருந்த எக்ஸ்ரே ஃபிலிம்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். வெள்ளி அடைப்பு கீழ்க் கடைவாய்ப்பல்லில் இருந்தது. கருப்பு இருந்த பக்கத்து மேல்தாடை ஃபிலிமில் உலோகத் துகள் எதுவும் இல்லை.

குறுக்கு விசாரணையில் டாக்டர், "துகள் நுண்ணியதாக இருந்தால் ஃபிலிமில் விழாது" என்றார். உண்மைதான்.

"அப்படியென்றால் எதை வைத்து உறுதி செய்தீர்கள்?"

"கண்ணால் பார்த்து."

"பயாப்சி செய்தால் தெரிந்திருக்குமா?"

"தெரிந்திருக்கும்."

"அளவையாவது குறித்தீர்களா? மறுபடி வரச் சொன்னீர்களா?"

பதில் இல்லை. கேஸ் ஷீட்டில் அடுத்த வரி பல்செட்டின் நிறமும் முன்பணமும்.

நோய் மெலனோமாதானா என்ற சந்தேகத்தையும் எதிர்த்தரப்பு கிளப்பியது. மெலனோமாவுக்கான எஸ்-100, எச்எம்பி-45 சோதனைகள் இரண்டும் பாசிட்டிவ் என்ற நோயியல் அறிக்கையோடு அது அடங்கியது.

கடினமான கேள்வியைக் கேட்டவர் ஆணையத் தலைவர்: முன்பே கண்டிருந்தால் பிழைத்திருப்பாரா? புற்றுநோய் அறுவை நிபுணர் மறைக்காமல் சொன்னார். வாய்க்குள் வரும் இந்த நோய் எவ்வளவு சிறிதாக இருந்தாலும் மூன்றாம் நிலையிலிருந்துதான் வகைப்படுத்துகிறார்கள். பிழைத்திருப்பார் என்று உறுதி கூற முடியாது. ஆனால் உளுந்தளவில் இருந்தபோது முழுசாக வெட்டியெடுக்க வாய்ப்பு அதிகம்.

ஆணையம் மரணத்துக்கு டாக்டரைப் பொறுப்பாக்கவில்லை. சோதிக்காமல் விட்டதற்கும் மறுபடி அழைக்காததற்கும் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. நாங்கள் கேட்டதில் பாதிக்கும் குறைவு. ஆனாலும் அப்படிப் பிரித்துப் பார்த்தது சரி என்றே இன்றும் நினைக்கிறேன்.