கோட்டுக்கு மேலே ஒரு வேஷம்

மினசோட்டாவில் ஹாலோவீன் வேஷத்துக்கு அளவெடுப்பதென்றால் குழந்தைக்கு முதலில் குளிர் கோட்டை மாட்டிவிட வேண்டும். விமான நிலையத்திலிருந்து வீட்டுக்குப் போகும் வழியிலேயே தங்கை இதைச் சொல்லிவிட்டாள். அக்டோபர் கடைசி வாரம். மேப்பிள் மரங்கள் பாதி இலையை உதிர்த்திருந்தன. வெயிலில் கண் கூசியது. ஆனால் காரை விட்டு இறங்கியதும் காது மடல் வலித்தது. 31ஆம் தேதி பொழுது சாய்ந்த பிறகு பிள்ளைகள் வீடு வீடாக நடப்பார்கள். அந்த நேரத்தில் தண்ணீர் உறையும் அளவுக்குக் குளிர் இறங்குவது இங்கே சாதாரணம்.

கடையில் 30, 40 டாலருக்குத் தொங்கும் வேஷங்களைப் போய்ப் பார்த்தோம். எல்லாம் மெல்லிய பாலியெஸ்டர், உடம்பைப் பிடித்தாற்போல் தைத்தவை. உள்ளே கோட்டுக்கு இடமில்லை. மேலே கோட்டைப் போட்டால் இளவரசியும் சிலந்தி மனிதனும் ஒரே மாதிரி ஜாக்கெட் மூட்டைகளாகிவிடுவார்கள். வீட்டில் செய்தால் காசு மிச்சம் என்பது சரிதான். இந்த ஊரில் வீட்டில் செய்த வேஷமே பிள்ளைக்குப் பொருந்தும் என்பது அதைவிடப் பெரிய காரணமாக எனக்குப் பட்டது.

தங்கை வீட்டுக்கு எதிர்வீட்டில் இருக்கும் வயதான அம்மையார் 1991ஆம் வருஷத்து ஹாலோவீனைப் பற்றிச் சொன்னார். அன்று பகலில் தொடங்கிய பனி நவம்பர் 3 வரை விடவில்லை. மினியாபொலிஸ் பகுதியில் 28.4 அங்குலம், வடக்கே டுலூத்தில் 36.9 அங்குலம் கொட்டியது. அவருடைய பிள்ளைகள் பனி உடையை மாட்டி, அதற்கு மேல் வேஷத்தை இழுத்துவிட்டுக்கொண்டு, முழங்கால் புதையப் புதையப் போய் மிட்டாய் வாங்கி வந்தார்களாம். "வீட்டுக்குள்ளேயே இருங்கள் என்று சொல்லத் தோன்றவில்லையா?" என்று கேட்டேன். அப்படி ஒரு கேள்வி உண்டா என்பது போல என்னைப் பார்த்தார். அந்தத் தலைமுறை மினசோட்டாக்காரர்களிடம் ஹாலோவீன் என்று ஆரம்பித்தால் பேச்சு அந்தப் பனியில்தான் போய் நிற்கிறது.

தங்கைக்கு இரண்டு பிள்ளைகள். நிலாவுக்கு ஏழு வயது, கவினுக்கு நாலு. நிலா ஜெல்லி மீன் ஆவதென்று ஆகஸ்டிலேயே முடிவெடுத்திருந்தாள். பழைய சாமான் கடையில் 3 டாலருக்கு ஒளி ஊடுருவும் குடை ஒன்று கிடைத்தது. பார்சலில் வந்த குமிழ் உறையை நீள நீளமாக வெட்டி, கிழிந்துபோன வெள்ளை ஜன்னல் திரையையும் நாடா நாடாவாகக் கிழித்து, குடையின் விளிம்பைச் சுற்றி அவளே கட்டினாள். குடைக் கம்பிகளில் பேட்டரிச் சரவிளக்கு. அடியில் எந்தக் கோட்டு போட்டாலும் தெரியாது. பனி விழுந்தாலும் நனையாது. கடையில் விற்கும் எந்த வேஷத்துக்கும் இந்த இரண்டு வசதியும் இல்லை.

கவினுக்குக் குப்பை வண்டி வேண்டும். வாரம் ஒருமுறை தெருவுக்கு வரும் அந்த வண்டிக்காக ஜன்னலில் முகத்தை ஒட்டிக்கொண்டு நிற்பவன் அவன். வண்டியின் வலப்பக்கத்திலிருந்து இயந்திரக் கை நீண்டு, தொட்டியைக் கவ்வித் தூக்கித் தலைக்கு மேல் கவிழ்க்கும். "கை ரைட் சைடுலதான் இருக்கணும் மாமா" என்று திரும்பத் திரும்பச் சொன்னான்.

ஹீட்டர் வந்த அட்டைப் பெட்டி வண்டியாயிற்று. அடிப்பக்கத்தை முழுசாக வெட்டி எடுத்தோம். மேல்பக்கத்தில் தலைக்கு ஒரு துளை, அதற்கு முன்னால் மிட்டாய் விழ ஒரு துளை, உள்ளே தொங்க ஒரு துணிப்பை. பெட்டி முழங்காலுக்கு நாலு விரல் மேலேயே நிற்க வேண்டும். இல்லாவிட்டால் வாசற்படி ஏற முடியாது. தோள்பட்டைக்குத் தங்கையின் பழைய துப்பட்டாவை இரண்டாகக் கிழித்து, முதுகில் குறுக்காகப் போட்டோம். குளிர் கோட்டின் வழுவழுப்பில் நேராகப் போட்ட பட்டை நிற்காது. சக்கரங்கள் கறுப்பு வர்ணம் அடித்த காகிதத் தட்டுகள். முகமூடி கிடையாது, படியில் கால் வைக்கும்போது கண் தெரிய வேண்டும்.

கைதான் நேரம் எடுத்தது. பரிசுப் பொருள் சுற்றும் காகிதச் சுருளின் நடுவில் இருக்கும் நீண்ட அட்டைக் குழாய், அதன் நுனியில் பாதியாக வெட்டிய பிளாஸ்டிக் பால் கேன். நான் டேப்பை எடுத்தேன். "டேப்பு வெளிய குளிர்ல விட்டுரும்ணே. தைச்சிருவோம்" என்றாள் தங்கை. கேனிலும் குழாயிலும் ஸ்க்ரூ டிரைவரால் துளையிட்டு, தடித்த ஊசியில் சணல் கோத்து எட்டுப் போட்டு இறுக்கினாள். கையுறை போட்ட நாலு வயதுக் கையால் மிட்டாயைப் பொறுக்கி எடுக்க முடியாது. இந்தக் கையை நீட்டினால் போதும், கேனில் விழும். தூக்கிக் கவிழ்த்தால் பெட்டிக்குள் போய்விடும்.

வேலை நடந்துகொண்டிருக்கும்போது உடன்குடியிலிருந்து அம்மா வீடியோவில் வந்தாள். "ஏட்டி, பிள்ளைகள ராத்திரில வீடு வீடாக் கேட்டு வாங்கவா அனுப்புத?"

"குலசைக்கு வேசம் கட்டினவங்க நம்ம வீட்டுக்கு வரலியாம்மா? நீதான ஓடிப்போயி காணிக்கை போடுவ."

அம்மா கொஞ்ச நேரம் யோசித்தாள். குலசை என்கிற குலசேகரன்பட்டினத்து முத்தாரம்மனுக்கு விரதம் இருந்து, கிடைத்ததைக் கொண்டு காளியாகவும் குரங்காகவும் வேஷம் கட்டி வருகிறவர்களைத் தசராதோறும் பார்த்து வளர்ந்த வீடு எங்களுடையது. அது நேர்த்திக்கடன், இது பிள்ளைகளின் விளையாட்டு. ஆனாலும் வேஷத்தோடு வந்து வாசலில் நிற்பவரை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது என்பது அம்மாவுக்குத் தெரியும். "சரி, தலைக்குக் குல்லா போட்டு விடு" என்று முடித்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை அனோக்காவுக்குப் போனோம். மினியாபொலிஸிலிருந்து வடமேற்கே அரைமணி நேரத்துக்குச் சற்று மேல். ரம் ஆறு மிசிசிப்பியில் கலக்கும் இடத்தில், சுமார் 18,000 பேர் வாழும் ஊர். ஹாலோவீன் இரவில் சோப்பால் ஜன்னல்களைப் பூசுவது, கொல்லைக் கழிப்பறைகளைக் கவிழ்ப்பது, மாடுகளை மெயின் தெருவில் அவிழ்த்துவிடுவது என்று இளவட்டங்கள் அடித்த கூத்தைத் தாங்க முடியாமல், 1920இல் ஊர்ப் பெரியவர்கள் பிள்ளைகளுக்கு ஒரு வேஷ ஊர்வலம் வைத்து, முடிவில் தின்பண்டமும் கொடுத்தார்கள். கண்டித்துப் பார்க்காமல் தெருவையே பிள்ளைகளிடம் கொடுத்துவிட்ட அந்தப் பெரியவர்களை எனக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. போர்க்காலமான 1942, 43இல் ஊர்வலம் நின்றது. 1937இல் ஹரால்ட் பிளேர் என்ற 12 வயதுச் சிறுவன், இந்த ஊரை உலகத்தின் ஹாலோவீன் தலைநகராக அறிவிக்கும் ஆவணத்தோடு வாஷிங்டன் போய் வந்திருக்கிறான்.

பள்ளிப் பிள்ளைகளின் ஊர்வலம் அன்று பகலில். வகுப்பு வகுப்பாக ஆசிரியைகளோடு வந்தார்கள். கடை வேஷங்களுக்கும் குறைவில்லை. ஆனால் இரண்டு பக்கமும் நின்ற கூட்டம் கைகாட்டி ஆரவாரித்தது வீட்டில் செய்தவற்றைப் பார்த்துத்தான். பழைய கறுப்புக் குடையைப் பிரித்து இறக்கையாக்கிய வௌவால் ஒன்று வந்தது. சக்கர நாற்காலியில் ஒரு சிறுவன் வந்தான். நாற்காலியைச் சுற்றி ஆரஞ்சு அட்டை, முன்னால் மடக்கிய பெரிய தகடு, மேலே சுழலும் விளக்கு. பனி அகற்றும் வண்டி! சக்கரம் ஏற்கெனவே இருக்கிறது, மிச்சத்தைக் கட்டினால் போதும் என்று யோசித்த அந்த வீட்டாரைப் பார்த்துப் பேச வேண்டும்போல் இருந்தது. அதற்குள் ஊர்வலம் நகர்ந்துவிட்டது.

இந்த நாட்டிலும் வேஷம் என்பது வெகுகாலம் வீட்டு வேலையாகத்தான் இருந்திருக்கிறது. மாசசூசெட்ஸின் டென்னிசன் கம்பெனி 1909இல் ஹாலோவீனுக்கென்று ஒரு சிறு புத்தகம் போட்டது. அந்த வரிசைப் புத்தகங்கள் க்ரேப் காகிதத்தில் உடுப்பும் தொப்பியும் செய்ய வழி சொன்னதோடு, காகித வியாபாரத்தையும் வளர்த்தன. பிறகு 1937இல் தொடங்கிய பென் கூப்பர் போன்ற கம்பெனிகள் பெட்டிக்குள் வேஷத்தை மடித்து விற்றன: ஒரு மெல்லிய பிளாஸ்டிக் முகமூடி, ஒரு அங்கி. அந்த அங்கிகள் பலவற்றில் யார் வேஷமோ அவருடைய படத்தையே மார்பில் அச்சடித்திருப்பார்கள். அதைப் போட்ட பிள்ளை வாய் திறந்து எதுவும் சொல்லத் தேவையில்லை.

எங்கள் பிள்ளைகள் சொல்லவேண்டியிருந்தது. 31ஆம் தேதி ஆறு மணி வாக்கில் இருட்டியது. வாசல் விளக்கு எரிந்தால் வரலாம், அணைந்திருந்தால் தொந்தரவு செய்யாமல் தாண்டிப் போக வேண்டும். அந்தத் தெருவில் எல்லாப் பிள்ளைகளுக்கும் இது தெரிந்திருந்தது. ஒரு வீட்டுப் படியில் நீலப்பச்சை வர்ணம் அடித்த பூசணிக்காய் இருந்தது. நிலக்கடலை போன்றவை ஒத்துக்கொள்ளாத பிள்ளைகளுக்கு அங்கே மிட்டாய்க்குப் பதில் சின்னப் பொம்மை உண்டு. நிலா பம்பரம் ஒன்று வாங்கிக்கொண்டாள்.

ஜெல்லி மீன் தெருவில் மிதந்து போனது. நடக்க நடக்க நாடாக்கள் அலைந்து, உள்ளே விளக்கு மினுங்கியதைக் கண்டு எதிரே வந்த பிள்ளைகள் நின்று வழிவிட்டார்கள். கவின் முதல் இரண்டு வீட்டில் என் காலுக்குப் பின்னால் ஒளிந்தான். மூன்றாவது வீட்டில் ஒரு தாத்தா கதவைத் திறந்தார். பெட்டியைப் பார்த்ததும், லாரி பின்னால் வரும்போது போடும் பீப் பீப் சத்தத்தை வாயாலேயே எழுப்பிக்கொண்டு, மிட்டாய்க் கிண்ணத்தோடு குனிந்து அசையாமல் நின்றார். கவின் கையை நீட்டினான். மிட்டாய் கேனில் விழுந்தது. தூக்கிக் கவிழ்த்தான், உள்ளே தொப்பென்று சத்தம். தாத்தா கைதட்டி, இன்னொன்று போட்டார். அதற்குப் பிறகு அவனுக்கு என் கால் தேவைப்படவில்லை. ஸ்காட்லாந்தில் வேஷம் கட்டி வரும் பிள்ளைகள் ஒரு பாட்டோ வேடிக்கைத் துணுக்கோ சொன்ன பிறகுதான் தின்பண்டம் கிடைக்கும் வழக்கம் உண்டு. கவினுக்கு அந்தப் பால் கேன் கையே பாட்டாகிவிட்டது. வாங்குவதற்கு முன்னால் தானும் ஒன்றைக் கொடுக்கிறோம் என்பது அவன் நின்ற தோரணையிலேயே தெரிந்தது. சணல் தையல் கடைசி வீடு வரை தாங்கியது.

வீட்டுக்கு வந்து பெட்டியைத் தரையில் கவிழ்த்தார்கள். பண்டமாற்று ஆரம்பித்தது, ஒரு சாக்லேட்டுக்கு மூன்று கம் என்று நிலா விலை பேசினாள். கவின் அதில் கலந்துகொள்ளவில்லை. "மாமா, நெக்ஸ்ட் இயர் ஸ்னோ ப்ளவ். முன்னாடி இவ்ளோ பெரிய பிளேடு" என்று இரண்டு கையையும் விரித்துக் காட்டினான். அத்தனை அகலம் வைத்தால் வாசற்படிகளில் இடிக்கும் என்றேன். தங்கை ஒரு பேப்பர் தட்டை எடுத்து இரண்டாக மடித்து விரித்துப் பார்த்தாள். "நடுவுல கீல் வச்சா மடங்கும்ணே. அதையும் தைச்சிரலாம்."