போகிறவனுக்கு விசுவாசம் இல்லையாம்

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்தக் கட்டுரையில் ஃபுட்பால் என்று வருவது மெஸ்ஸி ஆடுகிற ஆட்டம் இல்லை. ஹெல்மெட்டும் தோள்கவசமும் மாட்டிக்கொண்டு, முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடி, ஒருவர்மேல் ஒருவர் விழுகிற அமெரிக்க ஆட்டம். அதிலும் நான் பேசப்போவது கல்லூரி அணிகளைப் பற்றி.

கல்லூரி அணி என்றால் நமக்கு நினைவு வருவது இன்டர் காலேஜ் டோர்னமென்ட். புழுதி மைதானம், விசிலோடு பி.டி. மாஸ்டர், ஓ.டி. வாங்கிக்கொண்டு வகுப்புக்கு வராத நாலு பையன்கள். இன்ஜினியரிங் படித்தபோது நான் பார்த்தது அவ்வளவுதான். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் மைதானத்தில் 1,07,601 பேர் உட்காரலாம். நம் சேப்பாக்கத்தைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். சனிக்கிழமை மதியம் அது நிரம்பும். பல மாநிலங்களில் அரசுச் சம்பளப் பட்டியலில் முதல் இடம் கவர்னருக்குக் கிடையாது; அரசுப் பல்கலைக்கழகத்தின் ஃபுட்பால் கோச்சுக்குத்தான். இவ்வளவு பணம் புரளும் இடத்தில், களத்தில் இறங்கி அடிவாங்குகிற பையன்களுக்கு மட்டும் சம்பளம் கிடையாது என்பதுதான் நூறு வருடச் சட்டம். கல்விக் கட்டணம், விடுதி, சாப்பாடு. அத்தோடு சரி.

பிடிக்கவில்லை என்றால் வேறு எங்காவது போய் ஆடலாமே என்று கேட்கலாம். போக முடியாது. தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல்., பள்ளிப்படிப்பு முடித்து மூன்று வருடம் ஆகாதவர்களைச் சேர்த்துக்கொள்வதில்லை. ஓஹையோ ஸ்டேட் அணியில் ஆடிய மாரிஸ் கிளாரெட் இதை எதிர்த்து வழக்குப் போட்டார். கீழ் நீதிமன்றத்தில் ஜெயித்து, 2004-ல் மேல்முறையீட்டில் தோற்றார். ஆக, பதினெட்டு வயதில் இந்த ஆட்டத்தைத் தொழிலாக எடுக்க நினைப்பவனுக்குக் கல்லூரி ஒன்றுதான் வழி.

2013-ல் நான் மத்திய மேற்கில் ஒரு பெரிய அரசுப் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ். படித்துக்கொண்டிருந்தேன். முதலாண்டு புரோகிராமிங் லேபுக்கு நான்தான் டி.ஏ. அந்த லேபில் ஒரு ஃபுட்பால் பையன் இருந்தான். இரண்டு விரல்களைச் சேர்த்து டேப் ஒட்டியிருப்பான். அதோடு டைப் அடிக்கத் திணறுவான். ஒருநாள் எல்லோரும் போன பிறகு உட்கார்ந்து பேசினோம். அவன் இடத்தில் ஆட அவனுக்கு முன்னால் இரண்டு பேர் இருந்தார்கள். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, ஊருக்குப் பக்கத்தில் இருக்கிற கல்லூரிக்கு மாற வேண்டும் என்றான்.

"மாறிட வேண்டியதுதானே?"

"கோச் ஒத்துக்கணும். அவர் ரிலீஸ் குடுத்தாதான் அந்தக் காலேஜ் என்கிட்ட பேசவே முடியும். குடுத்தாலும் ஒரு வருஷம் ஆடாம உட்காரணும்."

"குடுக்கலைன்னா?"

"அங்க ஸ்காலர்ஷிப் கிடையாது. சொந்தக் காசுல படிக்கணும்."

அவன் சொன்னது அன்றைய விதிகளின் நேர்மையான சுருக்கம். அதற்கு எதிர்ப்பக்கம் இன்னொரு விதி இருந்தது. 1973-லிருந்து பெரும்பாலான ஸ்காலர்ஷிப்புகள் ஒரு வருடத்துக்குத்தான். வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். பல வருட ஸ்காலர்ஷிப்பை மறுபடி அனுமதித்ததே 2012-ல்தான். கல்லூரி அவனை வருடக் கடைசியில் அனுப்பிவிடலாம். அவன் கல்லூரியை விட்டுப் போக அனுமதி வேண்டும். கோச்சுக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. அவர் அடுத்த நாளே வேறு கல்லூரிக்குப் போய், அடுத்த சீசனே களத்தோரம் நிற்கலாம்.

நான் அவனிடம் என் கதையைச் சொன்னேன். எஃப்-1 விசா, வாரம் இருபது மணி நேரம்தான் வேலை, அதுவும் வளாகத்துக்குள். "அப்ப உனக்கும் ரூல் புக் இருக்கு" என்று சிரித்தான். அடுத்த செமஸ்டர் அணிப் பட்டியலில் அவன் பெயர் இருந்தது. களத்தில் நான் அவனைப் பார்த்ததே இல்லை.

இந்த ஏற்பாட்டுக்கு ஒரு சொல் காவல் காத்தது. 'ஸ்டூடன்ட் அத்லெட்'. கேட்க அழகாக இருக்கும். 1955-ல் கொலராடோவில் ரே டெனிசன் என்ற கல்லூரி ஆட்டக்காரர் தலையில் அடிபட்டு இறந்தார். வேலையில் இறந்த தொழிலாளியின் குடும்பத்துக்குக் கிடைக்கிற இழப்பீட்டை அவர் மனைவி கேட்டார். 1957-ல் அந்த மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. கல்லூரி ஃபுட்பால் தொழில் நடத்தவில்லை என்பது அதன் வாதம். அந்தக் காலத்தில்தான் கல்லூரி விளையாட்டுகளை ஆளும் என்.சி.ஏ.ஏ. இந்தச் சொல்லை எல்லா விதிகளிலும் புகுத்தியது. ஆட்டக்காரரை ஊழியர் என்று எந்த நீதிமன்றமும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காகத்தான் அப்படிச் செய்தோம் என்று, அந்த அமைப்பின் நிர்வாக இயக்குநராக 1951 முதல் முப்பத்தாறு வருடம் இருந்த வால்டர் பயர்ஸ் பின்னாளில் தன் புத்தகத்தில் எழுதினார்.

சொல்லின் காவல் எவ்வளவு கடுமை என்பதற்கு 2010-ல் ஓஹையோ ஸ்டேட்டில் நடந்தது போதும். ஐந்து ஆட்டக்காரர்கள் தங்களுக்குக் கிடைத்த மோதிரம் போன்ற பரிசுகளை விற்றார்கள். டாட்டூ கடையில் சலுகை வாங்கினார்கள். ஆளுக்கு ஐந்து ஆட்டம் தடை. அந்த சீசனின் வெற்றிகளே பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டன. தன் மோதிரத்தைத் தானே விற்றதற்கு!

இதெல்லாம் எனக்கு ஏன் இவ்வளவு பிடித்துக்கொண்டது என்றால், நானும் ஒரு 'விசுவாசி'யாக இருந்திருக்கிறேன்.

படிப்பு முடிந்து ஒரு கம்பெனியில் சேர்ந்தேன். எச்-1பி வந்தது. எச்-1பி-யில் கம்பெனி மாறுவதற்கு எங்கள் ஆட்கள் சொல்லும் பெயரும் டிரான்ஸ்ஃபர்தான். 2000-ல் வந்த ஒரு சட்டத்தால் புதிய கம்பெனி மனு போட்டதுமே அங்கே சேர்ந்துவிடலாம். காகிதத்தில் சுதந்திரம். ஆனால் கிரீன் கார்டுக்கான முதல் கட்ட வேலை பாதியில் இருக்கும்போது மாறினால், புதிய இடத்தில் முதலிலிருந்து தொடங்க வேண்டும். இந்தியர்களுக்கான வரிசையோ தலைமுறை நீளம். வேலை போனால் கையில் இருப்பது அறுபது நாள். அந்தக் கம்பெனியில் என் சம்பளம் அசையவே இல்லை. பக்கத்து சீட்டில் நேற்று வந்தவர் என்னைவிட அதிகம் வாங்கினார். நான் அசையவில்லை. ஐந்தாவது வருடம் எனக்கு ஒரு கண்ணாடிக் கேடயம் கொடுத்தார்கள். என் பெயருக்குக் கீழே ஐந்து வருட விசுவாசத்துக்கு நன்றி என்று செதுக்கியிருந்தது. கைதட்டினார்கள். கேக் வெட்டினோம். அப்ரூவல் வந்து, இனி மாறினாலும் வரிசையில் என் இடம் போகாது என்றானதும் நான் கிளம்பிவிட்டேன்.

நகர முடியாமல் நிற்பவனை வெளியிலிருந்து பார்த்தால் விசுவாசி போலத்தான் தெரியும். எனக்கு அந்தக் கேடயம் கற்றுக்கொடுத்தது இதுதான்.

கல்லூரி ஃபுட்பாலில் கதவு 2018 அக்டோபரில் திறந்தது. அன்றிலிருந்து டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் என்றொரு தரவுத்தளம். ஆட்டக்காரர் சொன்னால் கல்லூரி அவர் பெயரை அதில் ஏற்றியே ஆக வேண்டும். ஏற்றியதும் எந்தக் கல்லூரியும் அவரிடம் பேசலாம். கோச்சின் அனுமதி தேவையில்லை. என் போன்ற ஆட்களுக்குத் தெரியும், ஒரு டேபிளில் ஒரு வரி சேர்ப்பது எவ்வளவு சின்ன வேலை என்று. அந்த ஒரு வரி மொத்த அதிகாரத்தையும் புரட்டிப்போட்டது. 2021-ல் ஒருமுறை மாறினால் உட்கார வேண்டாம் என்றார்கள். 2024-ல், படிப்பில் தேறியிருந்தால் எத்தனை முறை வேண்டுமானாலும் மாறலாம் என்றானது.

பணக் கதவும் அதே காலத்தில் திறந்தது. 2021 ஜூனில் ஆல்ஸ்டன் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 9-0 என்று என்.சி.ஏ.ஏ.வுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. பத்தே நாளில், ஜூலை 1 முதல், ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரையும் உருவத்தையும் வைத்து விளம்பரத்தில் சம்பாதிக்கலாம் என்று விதி மாறியது. கிராண்ட் ஹவுஸ் என்ற நீச்சல் வீரரின் பெயரால் அறியப்படும் வழக்கு 2025 ஜூனில் சமரசத்தில் முடிந்தது. பழைய ஆட்டக்காரர்களுக்கு 280 கோடி டாலர் இழப்பீடு. 2025-26-ல் ஒவ்வொரு பல்கலைக்கழகமும் சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர்வரை தன் ஆட்டக்காரர்களுக்கு நேரடியாகவே பங்கு தரலாம் என்றானது.

எனக்கு இதில் சந்தோஷம்தான். ஆனால் என் நண்பர் ஒருவருக்கு இல்லை. என்னைவிடப் பத்து வயது மூத்தவர், ஓஹையோ ஸ்டேட்டில் படித்தவர், அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். இருபது வருடமாக ஒரு சனிக்கிழமையும் விடாமல் பார்க்கிறவர்.

"இப்பல்லாம் எவனுக்கும் விசுவாசம் இல்லப்பா. காசு எங்கேயோ அங்க ஓடிடறானுங்க."

"நீங்க எத்தனை கம்பெனி மாறியிருக்கீங்க அண்ணா?"

"நாலு. அது வேற, இது வேற."

"எப்படி வேற?"

கொஞ்ச நேரம் யோசித்தார். "நான் மாறினப்ப எவனும் சட்டை வாங்கிப் போட்டுக்கலையே. இவனுங்க பேர் போட்ட ஜெர்சியை என் பையன் போட்டுட்டுத் தூங்கறான். பதினெட்டு வயசுல வர்றான், நாலு வருஷம் நம்ம கண்ணு முன்னாடி வளர்றான். அதுக்காகத்தானப்பா பார்க்கறது. இப்ப ஒவ்வொரு ஆகஸ்ட்டும் லிஸ்ட் எடுத்துப் பேரை மனப்பாடம் பண்ண வேண்டியிருக்கு."

இதைச் சிரித்துத் தள்ள என்னால் முடியவில்லை. ரசிகனுக்கு இழப்பு உண்மைதான். ஆனால் அந்த இழப்பை ஆட்டக்காரன் கணக்கில் மட்டும் எழுதுவது நியாயமில்லை. 2021 நவம்பரில் ஒக்லஹோமாவின் கோச் லிங்கன் ரைலி அணியை விட்டுவிட்டு தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்குப் போனார். அவர் பின்னால் போன குவார்ட்டர்பேக் கேலப் வில்லியம்ஸைப் பார்த்துத்தான் விசுவாசம் பற்றிப் பேசினார்கள். 2023-ல் டெக்சாஸ் ஏ அண்ட் எம், கோச் ஜிம்போ ஃபிஷரை வேலையை விட்டு அனுப்ப ஏழரைக் கோடி டாலருக்கு மேல் தரவேண்டிய நிலைக்கு வந்தது. பல்கலைக்கழகங்களே டிரான்ஸ்ஃபர் ஆகின. நூறு வருடம் தாண்டிய பசிபிக் கரைக் கூட்டமைப்பு டிவி பணத்துக்காகச் சிதறியது. பசிபிக் ஓரத்தில் இருக்கும் ஸ்டான்ஃபோர்டு இன்று அட்லாண்டிக் கரைக் கூட்டமைப்பில் ஆடுகிறது. இதற்கெல்லாம் ஒருவரும் ஒரு வருடம் உட்காரவில்லை.

என் கவலை வேறு. பையன்களுக்குச் சந்தை கிடைத்துவிட்டது, வேலை கிடைக்கவில்லை. இன்றைக்கும் அவர்கள் சட்டப்படி ஊழியர்கள் கிடையாது. 2014-ல் நார்த்வெஸ்டர்ன் ஆட்டக்காரர்கள் சங்கம் அமைக்க முயன்றார்கள்; அடுத்த வருடம் தேசியத் தொழிலாளர் உறவு வாரியம் இந்த விஷயத்தில் தலையிட மாட்டேன் என்று கைகழுவியது. என்.எஃப்.எல்.லில் சங்கம் பேரம் பேசுகிறது. எப்போது மாறலாம், எவ்வளவு காலம் ஒப்பந்தம் என்பதெல்லாம் இரண்டு தரப்பும் உட்கார்ந்து முடிவு செய்தவை. இங்கே வழக்கு வழக்காக ஒவ்வொரு கதவும் திறந்தது; உள்ளே அறை கட்டப்படவில்லை. 2024 செப்டம்பரில் நெவாடா லாஸ் வேகாஸ் அணியின் குவார்ட்டர்பேக் மேத்யூ ஸ்லூகா, அணி மூன்று ஆட்டத்தையும் ஜெயித்திருந்த நிலையில், தனக்குச் சொன்ன வாக்கு காப்பாற்றப்படவில்லை என்று விலகினார். பல்கலைக்கழகம் அதை மறுத்தது. யார் சொல்வது சரி என்று தீர்க்க ஒரு முறையான மேசைகூட இல்லை. போர்ட்டலில் பெயர் போட்டுவிட்டு யாரும் கூப்பிடாமல் நிற்பவர்களும் உண்டு. பழைய இடம் அவர்களுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. இரண்டு மூன்று கல்லூரி மாறுகிறவனின் கிரெடிட்டுகள் எல்லாம் கூடவே வந்துவிடுவதும் இல்லை. பந்தை உதைக்கவென்றே ஆஸ்திரேலியாவிலிருந்து வருகிற பையன்கள் நிறைய பேர். அவர்களுக்கோ மற்றவர்களைப்போல விளம்பரப் பணம் வாங்க எஃப்-1 விசா குறுக்கே நிற்கிறது. அதே ரூல் புக்.

அதனால் விதியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மூன்று வருட ஒப்பந்தம் போடு, அடிபட்டால் கல்லூரி பார்த்துக்கொள்ளட்டும், நடுவில் போனால் இன்னது என்று எழுது, அதை எழுதும் அறையில் பையன்கள் தரப்பிலும் ஒருவர் உட்காரட்டும். அப்புறம் அவன் இருந்தால் அதற்குப் பெயர் விசுவாசம். போனால் அது அவன் உரிமை.

2025 ஜனவரி 10 அன்று அண்ணா வீட்டில் அரையிறுதி பார்த்தோம். ஓஹையோ ஸ்டேட்டும் டெக்சாஸும். டெக்சாஸின் குவார்ட்டர்பேக் க்வின் யூவர்ஸ் 2021-ல் ஓஹையோ ஸ்டேட்டில்தான் சேர்ந்திருந்தார். ஆட இடம் கிடைக்காமல் ஊர்ப்பக்கம் போனவர். அப்போது அவருடைய ரூம்மேட் ஜாக் சாயர். கொலம்பஸ் பக்கத்துப் பையன். 2024-ல் என்.எஃப்.எல். போக வழி இருந்தும் இன்னும் ஒரு வருடம் என்று தங்கியவர். கடைசி நிமிடங்களில் சாயர் தன் பழைய ரூம்மேட்டை மடக்கி, பந்தைப் பறித்து, 83 கெஜம் ஓடினார். அண்ணா சோபாவிலேயே ஏறி நின்றுவிட்டார்.

"பாத்தியா! இருந்தவன் ஜெயிச்சான்!"

"போகலாம்னு இருந்தும் இருந்தான் அண்ணா" என்றேன். அவர் காதில் விழவில்லை.

பத்து நாள் கழித்து இறுதி ஆட்டம். இரண்டு பக்கத்துக் குவார்ட்டர்பேக்குகளும் வேறு கல்லூரியிலிருந்து மாறி வந்தவர்கள்: நாட்டர் டேமுக்கு டியூக்கிலிருந்து ரைலி லியனர்ட், ஓஹையோ ஸ்டேட்டுக்கு கேன்சஸ் ஸ்டேட்டிலிருந்து வில் ஹவர்டு. 34-23, ஓஹையோ ஸ்டேட் சாம்பியன். கோப்பையோடு ஹவர்டு திரையில் வந்ததும் அண்ணா கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"நம்ம பையன்ப்பா."

அவன் வந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது.