வேலையை விட்ட பிறகும் வரும் பணம்

"நீங்களாகத்தானே வேலையை விட்டீர்கள்? பிறகு என்ன கேட்க முடியும்?"

வயிற்றில் பிள்ளையோடு வேலையை விட்டு நிற்கும் பெண்களுக்குப் பெரும்பாலும் கிடைக்கும் பதில் இதுதான். எச்.ஆர். அலுவலகத்தில் சொல்வார்கள், சொந்தக்காரர்கள் சொல்வார்கள், நம் மனமும் அதையே சொல்லும். அந்தப் பதில் எல்லோருக்கும் பொருந்தாது. என் அனுபவத்தை எழுதினால் நாலு பேருக்காவது பயன்படும் என்று தோன்றியது.

பிறையில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் மூன்று ஆண்டுகள் வேலை செய்தேன். பன்னிரண்டு மணி நேர ஷிப்ட், பெரும்பாலும் நின்றபடிதான். 2024ஆம் ஆண்டு இரண்டாவது குழந்தை உண்டானபோது ஐந்தாம் மாதத்திலேயே இரத்த அழுத்தம் ஏறத் தொடங்கியது. அரசாங்கக் கிளினிக்கில் தாதி என் பிங்க் புத்தகத்தில் எழுதிவிட்டு, "நீண்ட நேரம் நிற்காதீங்கம்மா" என்றார். உட்கார்ந்து செய்யும் வேலைக்கு மாற்றிக் கேட்டேன். இடமில்லை என்றார்கள். வீட்டில் பேசி முடிவெடுத்தோம். ஏப்ரல் கடைசியில் ராஜினாமாக் கடிதம், மே 31 கடைசி நாள், ஆகஸ்டு 19 பிரசவத் தேதி.

கடிதம் எழுதும்போது எதிர்வீட்டு அக்கா வந்திருந்தார். முன்பு ஒரு துணி ஆலையில் தொழிற்சங்கச் செயற்குழுவில் இருந்தவர். கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டு, "வயித்துல புள்ளை இருக்குன்னு எங்கம்மா எழுதியிருக்க? பிரசவத் தேதியையும் சேர்த்து எழுது. காப்பியில சாப் குத்தி வாங்கி வை" என்றார். அப்படியே செய்தேன். அந்த இரண்டு வரிகளின் மதிப்பு எனக்குப் பிறகுதான் புரிந்தது.

நம் நாட்டின் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தில் மகப்பேறு அலவன்ஸ் பெற இரண்டு கணக்குகள் உண்டு. பிரசவத்துக்கு முந்திய நான்கு மாதங்களில் எப்போதாவது அந்த முதலாளியிடம் வேலையில் இருந்திருக்க வேண்டும். பிரசவத்துக்கு முந்திய ஒன்பது மாதங்களில் மொத்தம் 90 நாட்களாவது அவரிடம் வேலை செய்திருக்க வேண்டும். பிரசவ நாளன்றும் வேலையில் இருக்க வேண்டும் என்று சட்டம் கேட்கவில்லை. என் பிரசவத் தேதிக்கு நான்கு மாதம் முன்னால் என்றால் ஏப்ரல் 19. நான் மே 31 வரை வேலை செய்தவள். முதல் கணக்கும் சரி, இரண்டாவது கணக்கும் சரி.

அதே சட்டத்தின் 40ஆவது பிரிவில் ஒரு நிபந்தனை இருக்கிறது. வேலையை விட்டு நான்கு மாதங்களுக்குள் பிரசவம் ஆகும் என்று தெரிந்த பெண், வேலையிலிருந்து போவதற்கு முன்பே தான் கருவுற்றிருப்பதை முதலாளியிடம் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காமல் போனால் அலவன்ஸ் இல்லை. அக்கா எழுதச் சொன்ன வரிகள் இதற்காகத்தான்.

வேலையை விட்ட வாரத்தில் சொக்சோ அலுவலகத்துக்கும் போய் விசாரித்தேன். வேலை காப்புறுதித் திட்டத்துக்காக 2018 முதல் நம் சம்பளத்தில் 0.2 விழுக்காடு பிடிக்கிறார்கள். முதலாளியும் அதே அளவு போடுகிறார். வேலை போனால் அதிலிருந்து உதவித்தொகை உண்டு. கவுண்டரில் இருந்த அதிகாரி பொறுமையாக விளக்கினார். ஆட்குறைப்பில் வேலை இழந்தவர்களுக்கும், நிறுவனம் மூடப்பட்டதால் இழந்தவர்களுக்கும் அந்தப் பணம் உண்டு. தானாக ராஜினாமா செய்தவருக்கும், ஒப்பந்தக் காலம் முடிந்து வெளியேறியவருக்கும் கிடையாது. பிரசவத்துக்கென்று அந்தத் திட்டத்தில் தனித்தொகையும் இல்லை. "உங்க மகப்பேறு பணத்தை முதலாளிகிட்டதான் கேட்கணும்" என்று சொல்லி அனுப்பினார்.

ஆகஸ்டில் மகள் பிறந்தாள். பிறப்புப் பத்திரம் கைக்கு வந்ததும், ராஜினாமாக் கடிதத்தின் நகலோடு நிறுவனத்துக்கு எழுதினேன். "நீங்கள் ராஜினாமா செய்துவிட்டீர்கள். நிறுவனத்துக்குப் பொறுப்பு இல்லை" என்று இரண்டே வரியில் பதில். மறுபடி எழுதினேன், பதிலே இல்லை. லாரி ஓட்டும் என் கணவர், "விடு, கைக்குழந்தையை வச்சுக்கிட்டு எதுக்கு அலைச்சல்?" என்றார். அவர் மேல் தப்பில்லை. ஒரு நாள் லீவு போட்டால் ஒரு நாள் கூலி போகும் வீடு எங்களுடையது. ஆனால் என் அம்மா போட்ட இரண்டு வளையல்களும் அடகுக் கடையில் இருந்தன. மோட்டார் தவணை இரண்டு மாதம் பாக்கி.

என் மாமியார்தான் குழந்தையைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லி என்னை அனுப்பினார். சுங்கைப் பட்டாணிப் பக்கம் தோட்டத்தில் பால் வெட்டியவர் அவர். மூன்று பிள்ளை பெற்றபோதும் சட்டப்படி இருந்த விடுப்பு 60 நாள்தான். "அந்தக் காசையும் கேட்டாத்தான் குடுப்பாங்க. கேக்காதவளுக்கு யாரும் கூப்பிட்டுக் குடுத்ததில்லை" என்றார்.

தொழிலாளர் இலாகாவில் புகார் செய்யக் கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. அதிகாரி கேட்டவை மூன்று: சாப் குத்திய கடித நகல், கடைசி மாதங்களின் சம்பளச் சீட்டுகள், பிறப்புப் பத்திரம். கடிதத்தில் பிரசவத் தேதி எழுதியிருந்த வரியைப் பேனாவால் தொட்டுக் காட்டி, "இது இருக்கே, போதும்" என்றார். நிறுவனத்துக்கு விசாரணைக் கடிதம் போனது. விசாரணை நாளுக்கு முன்பே 98 நாளுக்கான அலவன்ஸ் என் வங்கிக் கணக்கில் ஏறிவிட்டது. வளையல்கள் வீட்டுக்கு வந்தன, தவணையும் தீர்ந்தது.

60 நாளாக இருந்த விடுப்பு 98 நாளானது 2023 ஜனவரி 1 முதல்தான். அனைத்துலகத் தொழிலாளர் நிறுவனம் குறைந்த அளவாகச் சொல்லும் 14 வாரங்களும் இந்த 98 நாட்களும் ஒன்றே. அதே நாளிலிருந்து, கருவுற்ற பெண்ணை வேலையிலிருந்து நிறுத்துவதும் குற்றம். ஒழுங்கீனம், வேண்டுமென்றே ஒப்பந்தத்தை மீறுதல், நிறுவனம் மூடப்படுதல் ஆகிய காரணங்கள் மட்டும் விலக்கு. உயிரோடிருக்கும் பிள்ளைகள் ஏற்கெனவே ஐந்து அல்லது அதற்கு மேல் என்றால் அலவன்ஸ் கிடையாது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

எனக்கு ஒரு கேள்வி மட்டும் மீதியிருக்கிறது. ஒரு பெண்ணின் பிரசவச் செலவை ஏன் ஒரே ஒரு முதலாளியின் பையிலிருந்து எடுக்க வேண்டும்? அப்படி எடுப்பதால்தானே கல்யாணமான பெண்ணை வேலைக்கு எடுக்கவே சிலர் தயங்குகிறார்கள்? வேலையை விட்டவளின் கடிதத்துக்குப் பதில் போடாமல் இருப்பதும் அதனால்தானே? கனடாவில் 1971 முதல் மகப்பேற்றுப் பணம் வேலையில்லாதோர் காப்புறுதி நிதியிலிருந்தே வருகிறது. பக்கத்தில் சிங்கப்பூரில், பிரசவத்துக்கு முன்பே ஒப்பந்தம் முடிந்துவிட்ட தாய்க்கும், முந்திய 12 மாதங்களில் 90 நாள் வேலை செய்திருந்து குழந்தை அந்நாட்டுக் குடிமகனாக இருந்தால், அரசாங்கமே பணம் தருகிறது. நம்மிடமும் மாதாமாதம் காசு சேரும் ஒரு காப்புறுதி நிதி இருக்கிறது. அதில் பிரசவத்துக்கும் ஓர் இடம் ஒதுக்கலாமே என்று நம் மக்கள் பிரதிநிதிகளை யாராவது கேட்க வேண்டும்.

அது நடக்கும் வரை நம் கையில் இருப்பதைச் சரியாகப் பிடித்துக்கொள்வோம். ஆட்குறைப்பில் வேலை போனவர்கள் 60 நாட்களுக்குள் சொக்சோவில் காப்புறுதித் தொகைக்கு விண்ணப்பியுங்கள். தேதி தவறினால் கஷ்டம். மகப்பேறு அலவன்ஸ் அதிலிருந்து வேறானது, அதை முதலாளியிடம் தனியாகக் கேளுங்கள். தாங்களாகவே வேலையை விடும் கர்ப்பிணிச் சகோதரிகள், காலண்டரை எடுத்துப் பிரசவத் தேதியிலிருந்து நான்கு மாதம் பின்னால் எண்ணிப் பாருங்கள். முடிந்தால் அந்த நாளைத் தாண்டும் வரை வேலையில் இருங்கள். ராஜினாமாக் கடிதத்தில், "நான் கருவுற்றிருக்கிறேன், பிரசவம் இன்ன தேதியில் எதிர்பார்க்கப்படுகிறது" என்று மறக்காமல் எழுதி, நகலில் சாப் குத்தி வாங்கி, பிங்க் புத்தகத்துக்குள்ளேயே பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.