பாலத்தின் கீழே ஒரு பாட்டுப்பெட்டிச் சந்தை

யப்பான் தேசத்துக்குப் போய் வருவோர் பூஜி மலையையும் செர்ரி மலர்களையும் பற்றியே பேசுவர். நாம் டோக்கியோவில் தங்கிய நாட்களில் இரண்டினை முழுமையாக ஒரு புகையிரதப் பாலத்தின் கீழே கழித்தோம். எம்முடன் வந்த உறவினருக்கு இது பெரும் வேடிக்கையாக இருந்தது. பழைய ஸ்டீரியோப் பெட்டிகளைத் தேடிச் சேர்த்துத் திருத்தும் பித்துப் பிடித்தவர்களுக்கு மட்டுமே அதன் காரணம் விளங்கும்.

அவ்விடத்தின் பெயர் அகிஹபாரா. இன்று அதன் வீதிகளில் சித்திரக்கதைப் பொம்மைகளும் விளையாட்டுக் கருவிகளும் விற்கும் மாடிக் கட்டடங்களே கண்ணைப் பறிக்கின்றன. அவற்றைக் கடந்து, நிலையத்தை ஒட்டியுள்ள சோபு புகையிரதப் பாதையின் கீழே நுழைந்தால் வேறோர் உலகம் தோன்றுகின்றது. இருவர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்கி நிற்க வேண்டிய நடைபாதை. அதன் இருமருங்கிலும் சிறு கடைகள். ஒரு கடையில் திருகாணிகள் மட்டும். அடுத்ததில் குமிழ்கள் மட்டும். அதற்கடுத்ததில் வால்வுகள், சாம்பல் நிற அட்டைப் பெட்டிகளில், முகடுவரை. கடைக்காரர் நடுவே அமர்ந்தவாறே எந்தப் பொருளையும் எட்டி எடுத்துவிடுகின்றார். தலைக்கு மேலே புகையிரதம் ஓடும்போதெல்லாம் கண்ணாடி அலுமாரிகள் மெல்ல அதிர்கின்றன.

இச்சந்தை பிறந்த கதை துயரத்தில் தொடங்குவது. 1945இல் யுத்தம் முடிந்தபோது டோக்கியோ சாம்பல் மேடாகக் கிடந்தது. மக்கள் செய்தி கேட்க வானொலியை நாடினர். கடையில் முழுப் பெட்டி வாங்கவோ பணமில்லை. அயலில் கண்டா என்னும் பகுதியில் இருந்த மின்சாரப் பாடசாலை மாணவர், இராணுவம் கழித்துவிட்ட வால்வுகளையும் கம்பிச் சுருள்களையும் வாங்கி, வானொலிகளைத் தாமே பூட்டி விற்றனர். அவர்களை நம்பித் தெருவோரத்தில் உதிரிப்பாகக் கடைகள் பெருகின. 1949இல் தெருக் கடைகளை அகற்றுமாறு ஆக்கிரமிப்புப் படையின் தலைமையகம் கட்டளையிட்டது. வியாபாரிகள் முறையிட்டதன் பயனாகவே பாலத்தின் கீழே இவ்விடம் கிடைத்தது.

பழைய பெட்டி ஒன்றை வாங்குதல் இலகு. யப்பானில் கைமாறிய பொருள் விற்கும் கடைகளில், உத்தரவாதமற்றவை என ஒதுக்கிய மூலை ஒன்று உண்டு. அங்கே கிடப்பவை கழிவுப் பொருளின் விலைக்கே போகும். ஆனால் அவற்றை உடனே மின்சாரத்தில் இணைப்பவர் அறியாதவர். பல ஆண்டுகள் உறங்கிய பெட்டியினுள் கொண்டென்சர்களின் இரசாயனம் உலர்ந்திருக்கும். முழு மின்சாரமும் ஒரேயடியாகப் பாய்ந்தால் அவை வெடிக்கவும் கூடும். அனுபவசாலிகள் மின்னழுத்தத்தைச் சிறிது சிறிதாக உயர்த்திப் பார்ப்பர்; ஐயமுள்ளவற்றைக் கழற்றிப் புதியன வைப்பர். இசைத்தட்டைச் சுழற்றும் இறப்பர்ப் பட்டி தார்போல் உருகி ஒட்டியிருக்கும். ஒலிபெருக்கிக் கூம்பைச் சுற்றியுள்ள நுரை வளையம் விரல் பட்டதும் உதிரும். மரமும் உலோகமும் அழியாதிருக்க, அவற்றை இணைக்கும் மெல்லிய பொருள்களே முதலில் மடிகின்றன.

சேகரிப்போர் மதிக்கும் பெயர்களுள் ஒன்று சான்சுயி. மலையும் நீரும் என்பது அதன் பொருள். மின்மாற்றி செய்யத் தொடங்கிய அந்நிறுவனம் 1965இல் வெளியிட்ட ஏயூ-111 என்னும் வால்வுப் பெட்டியை இரு கைகளாலும் தூக்குவதே பெரும்பாடு. நிறுவனம் 2014இல் வங்குரோத்தாகி மறைந்தது. பெட்டிகளோ இன்னும் பாடுகின்றன. இதற்கு மாறாக, யப்பானிய ஒலிபரப்புக் கழகத்துக்காக 1964இல் உருவாகிய டெனன் டிஎல்-103 என்னும் ஊசித்தலையை இன்றும் புதிதாகவே வாங்கலாம். அத்தகைய அதிர்ஷ்டம் வேறெதற்கும் வாய்த்ததாக எமக்குத் தெரியவில்லை.

எம் நாட்டவர் ஒருவர் அங்கே பெட்டி வாங்க எண்ணினால் இரண்டு விடயங்களை மறவாதிருத்தல் வேண்டும். யப்பானில் மின்சாரம் 100 வோல்ட்; இலங்கையில் 230. மத்திய கிழக்கில் உழைத்தவர்கள் முன்னாளில் வீட்டுக்குக் கொண்டுவந்த யப்பானியப் பெட்டிகள் பலவற்றின் பின்புறம் வோல்ட் மாற்றும் ஆளி இருந்தது. அவை ஏற்றுமதிக்கென்றே ஆக்கியவை. உள்நாட்டுக்குச் செய்தவற்றுக்குத் தனி மின்மாற்றி தேவை. அடுத்தது விசித்திரமானது. 1890களில் டோக்கியோ யேர்மனியிலிருந்தும் ஒஸாகா அமெரிக்காவிலிருந்தும் மின்பிறப்பாக்கிகளைத் தருவித்தன. அதன் விளைவாக இன்றுவரை கிழக்கு யப்பானில் மின்சாரம் செக்கனுக்கு 50 அலைவும் மேற்கில் 60 அலைவும் கொண்டது. ஒஸாகாவில் ஓடிய பழைய தட்டுச் சுழற்றியை 50 அலைவு உள்ள எமது நாட்டில் இணைத்தால், நிமிடத்துக்கு 33⅓ முறை சுழல வேண்டிய தட்டு 28 முறைகூடச் சுழலாது. பாடகியின் குரல் ஆண்குரலாகிவிடும்! பரிகாரம், மோட்டாரில் பொருத்தும் சிறு கப்பியை மாற்றுவதே. விரல் நுனியளவான அக்கப்பி பாலத்தின் கீழே உள்ள ஒரு கடையின் இழுப்பறையில் இருக்கின்றது.

அவ்விழுப்பறைகளை எண்ணியே எமக்குக் கவலை உண்டாகின்றது. யப்பானில் ஸ்டீரியோப் பெட்டி ஒன்றின் தயாரிப்பு நின்றபின் அதன் உதிரிப்பாகங்களை ஏறக்குறைய எட்டு ஆண்டுகள் வைத்திருப்பதே ஆலைகளின் வழக்கம். அதன்பின் இச்சிறு கடைகளே கதி. பாலத்தின் கீழே கடைகள் நிறைந்திருந்த ரேடியோ ஸ்டோர் என்னும் பகுதி 2013 நவம்பரில் மூடப்பட்டது. எஞ்சியவற்றில் நாம் கண்ட வியாபாரிகள் பெரும்பாலும் முதியவர். ஒருவர் எம் கையிலிருந்த உடைந்த ஆளியைக் கண்ணாடியின்றியே தடவிப் பார்த்து, பின்னாலிருந்த டப்பாவைத் திறந்து அதன் சோடியை எடுத்து வைத்தார். டப்பாவின் மேல் எதுவும் எழுதியிருக்கவில்லை. அவருக்குப் பின் அதை யார் திறப்பார்? செல்வந்தர் அரிய பெட்டிகளைக் கண்ணாடிக்குள் வைத்துப் பூட்டுவதைப் பலர் பாதுகாத்தல் என்கின்றனர். நாம் அதற்கு உடன்படோம்.

மறுநாள் மாலை யமனோதே புகையிரதத்தில் சிபுயாவுக்குச் சென்று, 'லயன்' என்னும் கோப்பிக்கடையினுள் நுழைந்தோம். 1926இல் தொடங்கிய அக்கடை விமானத் தாக்குதலில் எரிந்து, 1950இல் மீள எழுந்தது. அங்கே உரையாடல் கூடாது. ஆசனங்கள் யாவும் சுவரளவு உயர்ந்த ஒலிபெருக்கிகளை நோக்கியவாறு வரிசையாக உள்ளன. எம் உறவினர் எதையோ சொல்ல வாயெடுத்தார். அயலில் இருந்த மூதாட்டி திரும்பிப் பார்த்ததும் மௌனமானார். தட்டில் ஊசி இறங்கிய ஓசை கேட்டது. பின்னர் வயலின் எழுந்தது.