வாலைத் தூக்கிப் பார்த்தாயா?

அன்புள்ள அம்மிணிக்கு,

கடுதாசி கிடைத்தது. மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் பஜ்ஜியைத் தின்றுவிட்டு, பெண்ணை விட லாயத்தில் நின்ற குதிரையைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள் என்று எழுதியிருந்தாயே, எங்கூட்டுக்காரர் அதைப் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். அவர்கள் மெச்சிவிட்டுப் போன கொஞ்ச நாளிலேயே குதிரை மேல் கட்டி கிளம்பினால், உன் மாமியார் திருஷ்டி என்று சொல்லாமல் வேறென்ன சொல்வார்? மிளகாய் சுற்றிப் போட்டதில் தப்பில்லை, தும்மலோடு போய்விடும். உன் மச்சாண்டார் சூட்டுக்கோலைக் காயவைக்கச் சொன்னார் என்று எழுதியிருந்த இடத்தில்தான் எனக்குத் திக்கென்றது. முதலில் அவர் கையைப் பிடி. பிறகு மீதியைப் படி.

குதிரைத் தோலில் கட்டி என்றால் அது ஒரே நோய் இல்லையடி. சிலதைத் தொடாமல் விட்டாலே போய்விடும், சிலதைத் தொட்டால்தான் கெடும், ஒன்றே ஒன்று கலெக்டர் ஆபீஸ் வரைக்கும் போகும். எது எதுவென்று தெரியாமல் கம்பியைக் காய்ச்சுகிறவரை என்ன சொல்வது? பெரியவர், வாயில் வந்ததை எழுதாமல் விடுகிறேன்.

போன மழைக்காலத்தில் எங்கள் பெட்டைக்கு ராத்திரியோடு ராத்திரியாகக் கழுத்தும் விலாவும் தடித்துப்போனது. எங்கள் நங்கை ஊரெல்லாம் போன் போட்டு, குதிரைக்கு அம்மை என்று சொல்லிவிட்டார். டாக்டர் விரலால் ஒரு தடிப்பை அழுத்திக் காட்டினார், குழி விழுந்தது. ஒவ்வாமைத் தடிப்புக்கு அதுதான் அடையாளம். சில மணி நேரத்தில் கிளம்பும், பெரும்பாலும் ஓரிரு நாளில் அமுங்கும். புதுத் தீவனம், பூச்சிக்கடி, ஊசி மருந்து, எதுவும் காரணமாகலாம். புதிதாகக் கொடுத்ததை நிறுத்தி, குளிர்ந்த தண்ணீர் ஊற்றினாலே பாதி சரியாகும். ஆனால் மூக்கும் இமையும் வீங்கி மூச்சு இரைத்தால் விடியட்டும் என்று காத்திருக்காதே. இன்னொன்று, மெடிக்கலில் ஸ்டீராய்டு வாங்கி நீங்களே போடாதீர்கள். அது குதிரைக்குக் குளம்புக்குள் அழற்சியைக் கிளப்பிவிடக்கூடும், அப்புறம் நிற்கவே முடியாமல் போகும்.

உன் குதிரைக்கு முதுகில் சேணம் படுகிற இடத்தில் ரெண்டு கட்டி என்று எழுதியிருக்கிறாய். அழுத்தினால் குழி விழாமல் கெட்டியாக, வலியோ அரிப்போ இல்லாமல், மேலே முடி உதிராமல் இருந்தால், அது தோலின் நார்ப்பகுதி சிதைந்து உருண்டு கொண்டதாக இருக்கலாம். பூச்சிக்கடியால் வருகிறது என்று சந்தேகம். சேணம் உரசாத இடமென்றால் பல டாக்டர்கள் விட்டுவிடச் சொல்வார்கள். உரசினால் கட்டிக்குள்ளேயே ஸ்டீராய்டு ஊசி, அதற்கும் அடங்காமல் சுண்ணாம்பு கட்டிவிட்டால் அறுத்து எடுப்பது. பருவைப் பிதுக்குகிற வேலையை இங்கே காட்ட வேண்டாம். உள்ளே பிதுங்கி வர ஒன்றும் இல்லை.

எனக்கு உறுத்துவது தொடை இடுக்கில் இருக்கிற மூன்றாவதுதான். மரு மாதிரி சொரசொரப்பாக இருக்கிறது, வியாபாரி சொன்னபடி குதிரைமுடி கட்டி விட்டோம் என்கிறாய். நம் ஊரில் மருவுக்கு முடிபோட்டுக் கட்டுவதற்கென்றே எங்கள் லாயத்துக்கு ஆள் வருவதுண்டு, வால் முடி கேட்டு. மனுஷ மருவுக்கு அது என்ன செய்கிறதோ செய்யட்டும், குதிரைக்கு வருகிற சார்காய்டோடு அந்த விளையாட்டு வேண்டாம். குதிரைத் தோலில் வருகிற கட்டிகளிலேயே அதிகமாக வருவது அதுதான். மாட்டுக்கு மரு உண்டாக்குகிற வைரஸ்தான் இதற்கும் காரணம். ஈ தூக்கிக்கொண்டு வருகிறது என்று நினைக்கிறார்கள். அதற்காகக் காங்கேயம் மாட்டை ஓட்டிவிடச் சொல்லவில்லை. மாட்டோடு நிற்கிற எல்லாக் குதிரைக்கும் வந்துவிடாது, வம்சவாகும் சேர வேண்டும்.

சார்காய்டு உள்ளுறுப்புக்குப் பரவுவதில்லை. ஆனால் மகா ரோஷக்காரக் கட்டி. அரைகுறையாக அறுத்தாலோ, சுட்டாலோ, கிள்ளினாலோ, முன்னை விடப் பெரிதாகச் சதை தள்ளிக்கொண்டு திரும்பி வரும். சதைத் துண்டு எடுத்துப் பரிசோதிக்கக்கூட டாக்டர்கள் யோசித்துத்தான் கை வைப்பார்கள், எடுத்தால் தொடர்ந்து சிகிச்சை செய்யத் தயாராக இருந்துதான் எடுப்பார்கள். உறையவைத்து அழிப்பது, லேசர், கட்டிக்குள் புற்றுநோய் மருந்து ஊசி, பூசுகிற களிம்பு என்று வழிகள் உண்டு. எந்த இடத்தில், எந்த வகை என்பதைப் பொறுத்து அவர்கள் தேர்ந்தெடுப்பார்கள். அந்த முடியை டாக்டர் கண் முன்னால்தான் அவிழ்க்க வேண்டும், நீ இழுக்காதே.

இனி முக்கியமான சமாச்சாரம். உன் வெள்ளைக் குதிரை பிறக்கும்போதே வெள்ளையா? அந்தியூர் ஆடித் திருவிழாச் சந்தையில் வெள்ளைக்கு எப்போதும் தனி மவுசு. எங்கூட்டுக்காரர் உட்பட எல்லா ஆம்பளைகளும் கழுத்துச் சுழி, நெற்றிச் சுழி என்று ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்து, ராஜசுழியா நாகசுழியா என்று மணிக்கணக்கில் வாதம் செய்வார்கள். வாலைத் தூக்கிப் பார்க்கிற ஒரு ஆளைக் காட்டு பார்ப்போம்! பிறக்கும்போது கறுப்போ பழுப்போ இருந்து, வயது ஏற ஏற நரைத்து வெள்ளையாகிற குதிரைகளை வடக்கத்தி வியாபாரிகள் சப்ஜா என்பார்கள். முடி வெள்ளை, தோல் கறுப்பு. இந்தக் குதிரைகளில் 15 வயது தாண்டியவற்றில் சுமார் 80 சதவீதத்துக்கு மெலனோமா வருகிறது. வாலடி, ஆசனவாய், உதடு, காதுக்குக் கீழே, இங்கெல்லாம் கறுப்பு உருண்டைகள். நரைக்க வைக்கிற மரபணு மாற்றமே இந்தக் கட்டிக்கும் காரணம் என்று ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008-ல் கண்டுபிடித்தார்கள். இன்னொரு வம்பும் கேள்: உலகத்தில் நரைக்கிற குதிரைகள் எல்லாமே ஆயிரக்கணக்கான வருஷத்துக்கு முந்தைய ஒரே மூதாதையின் வழி வந்தவையாம்! பங்காளிச் சண்டை போடாத குடும்பம்.

பயந்துவிடாதே. அந்த உருண்டைகள் பலதும் வருஷக்கணக்கில் சும்மா கிடக்கும். ஆனால் வளர்ந்து சாணி போகிற வழியை அடைக்கிற அளவுக்குப் போன பின் எடுப்பது பெரும்பாடு. சின்னதாக இருக்கும்போதே டாக்டரிடம் காட்டிவிடு. இளஞ்சிவப்புத் தோலோடு பிறவியிலேயே வெள்ளையான நுக்ராவாக இருந்தால் கதை வேறு. அதற்கு வெயில்தான் எதிரி. கண்ணோரத்திலும் குறியிலும் ஆறாத புண் வந்தால் தோல் புற்றாக இருக்கலாம்.

ஈக்களைப் பற்றித் தனியாகவே ஒரு கடுதாசி எழுதலாம். கண் மூலையிலோ காலிலோ ஒரு புண், கோடையில் ஆறாமல் சதை வளர்ந்து, உள்ளே மஞ்சளாகக் குருணை குருணையாக இருந்தால், ஈ கொண்டு வந்து விட்ட புழுக்குஞ்சுகளாக இருக்கும். ஐவர்மெக்டின் கொடுத்து, புண்ணை மூடி, சாணிக்குப்பையை லாயத்தை விட்டுத் தள்ளிப் போட்டால் அடங்கும். வேறொரு புழு தோலுக்கடியில் உருண்டை கட்டி, வெயிலில் வெடித்து ரத்தம் கசியவைக்கும். ஹான் வம்சத்துச் சீனப் பேரரசர் வூ, ரத்த வேர்வை சிந்துகிற தெய்வக் குதிரைகள் வேண்டுமென்று கி.மு. 104-ல் பெர்கானாவுக்குப் படையே அனுப்பினார். அந்த ரத்த வேர்வை இந்தப் புழுவின் வேலையாக இருக்கலாம் என்று சிலர் சொல்கிறார்கள். புழுக்கடி பிடித்த குதிரைக்கா இத்தனை உயிர்! உன் சம்பந்தி வீட்டு ஆசையெல்லாம் அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

கடைசியாக, விளையாட்டில்லாமல் ஒன்று. காலின் உட்புறம் நரம்போட்டத்தில் வரிசையாக உருண்டைகள் வந்து, உடைந்து தேன் நிறத்தில் சீழ் வடிந்து, மூக்கிலும் சளி கட்டினால் அது கிளாண்டர்ஸாக இருக்கலாம். மனுஷருக்கும் தொற்றும், உயிரையும் வாங்கும். உடனே குதிரையைத் தனியாகக் கட்டி, வெறுங்கையால் தொடாமல், அரசு கால்நடை மருத்துவருக்குச் சொல்லியாக வேண்டும். 2009-ல் வந்த சட்டப்படி அது கட்டாயம். ரத்தத்தைச் சோதித்து ஹிஸாரில் இருக்கிற தேசியக் குதிரை ஆராய்ச்சி மையத்தில் உறுதி செய்வார்கள். அதற்கு வைத்தியம் கிடையாது, குதிரையை முடித்துவிடுவார்கள். நீ எழுதியதைப் பார்த்தால் உன் குதிரைக்கு இந்த அடையாளம் எதுவும் இல்லை.

இப்போது செய்ய வேண்டியது இவ்வளவுதான். ஒவ்வொரு கட்டியையும் தையல் டேப்பால் அளந்து தேதி போட்டு எழுதி வை, பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்துப் போட்டோ எடு. வேப்பெண்ணெய், மஞ்சள், சூடு எதுவும் வேண்டாம், சேணமும் ஏற்ற வேண்டாம். வண்டி பிடித்து நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கூட்டிப் போ. வாலடியையும் பார்க்கச் சொல்லு. மச்சாண்டாரையும் கூடவே அழைத்துப் போனால் அவர் வாயை டாக்டரே அடைப்பார்.

மாப்பிள்ளை வீட்டார் என்ன சொன்னார்கள், குதிரையையும் சேர்த்துத்தான் கேட்கிறார்களா, பதிலில் மறக்காமல் எழுது.

உன்
பழைய பெஞ்சுக்காரி