என் நாக்கு சொன்ன பொய்

நாக்கின் இரண்டு ஓரத்தையும் மேலே தூக்கிக் குழாய் மாதிரி உருட்ட எனக்கு வரும். காலணாவுக்குப் பிரயோசனமில்லாத வித்தை. அதை வைத்து ஒரு குடும்பத்தின் மானத்தோடு விளையாடியிருக்கிறேன். தெரியாமல் நடந்துவிட்டது என்று தப்பிக்கவும் வழியில்லை. நடத்துகிற பாடம் தப்பு என்று தெரிந்தேதான் நடத்தினேன்.

குமாரலிங்கபுரத்தில் எங்கள் வயசுப் பையன்களுக்குக் கோடை விடுமுறை என்றால் கண்மாய்க்கரைதான். அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்துக் கரிசல்காட்டில் கோடையில் எந்தக் கண்மாயில் தண்ணீர் கிடக்கிறது? நீச்சலுக்கு வழியில்லாத இடத்தில் உடம்புதான் விளையாட்டுச் சாமான். ஒருத்தன் முகத்தில் ஒரு சதை அசையாமல் காதை மட்டும் ஆட்டுவான். இன்னொருத்தன் கண் இமையைப் புரட்டிவிட்டு, சிவப்புச் சதை தெரிய வந்து நின்று சின்னப் பிள்ளைகளை அலறவிடுவான். கட்டைவிரலைப் பின்னால் வளைத்து முன்கையில் ஒட்டவைப்பவன், அக்குளில் உள்ளங்கையை வைத்து அசிங்கமான சத்தம் எழுப்புபவன் என்று ஆளுக்கொரு வித்தை. நாக்கு நுனியால் மூக்கைத் தொடுகிறவன்தான் அந்தக் கூட்டத்துக்கு ராஜா.

இதெல்லாம் எப்படி வருகிறது என்று பின்னாளில் படித்துத் தெரிந்துகொண்டேன். காதைச் சுற்றியுள்ள தசைகள் நம் மூதாதை விலங்குகள் விட்டுப்போன மிச்சம். டார்வின் 1871-இல் வெளியிட்ட மனிதத் தோற்றம் பற்றிய நூலில் இந்தக் காதாட்டிகளுக்கும் இடம் கொடுத்திருக்கிறார். கட்டைவிரல் முன்கையைத் தொடுவது, மூட்டுத் தளர்வை அளக்க மருத்துவர்கள் வைத்திருக்கும் பெய்ட்டன் அளவுகோலில் ஒரு கைக்கு ஒரு மதிப்பெண் பெறும். மொத்தம் 9.

எனக்கு இதில் ஒன்றும் வராது. அந்த அவமானம் தாங்காமல்தான் நாக்கைப் பிடித்தேன். வீட்டுத் தூணில் ரசம் போன கண்ணாடி ஒன்று தொங்கும். அதன் முன்னால் நின்று நாக்கின் ஓரங்களை விரலால் மடக்கி மடக்கி, எச்சில் முழங்கை வரைக்கும் வழியப் பழகினேன். பேய் கீய் அடிச்சிருச்சோ என்று அம்மா பயந்தாள். ஒருநாள் விரல் படாமலே நாக்கு உருண்டது. கண்மாய்க்கரையில் போய்க் காட்டியபோது, பழகினேன் என்று சொல்ல வாய் வரவில்லை. “எங்க தாத்தாவுக்கு வரும். ரத்தத்துல ஓடுது” என்றேன். தாத்தா வாய்க்குள் நாக்கு எப்படி இருந்தது என்று நான் பார்த்ததே இல்லை.

வளர்ந்து அறிவியல் ஆசிரியரானேன். மரபியல் பாடம் வந்ததும் என் வித்தைக்கு யோகம் அடித்தது. காரணம், ஆல்பிரட் ஸ்டர்ட்டிவன்ட் என்ற மரபியல் அறிஞர். சாதாரண ஆளில்லை. 1913-இல் பழ ஈயை வைத்து உலகின் முதல் மரபணு வரைபடத்தைப் போட்டவர். நாக்கு உருட்டுவது ஓங்குபண்பாக இருக்கலாம் என்று 1940-இல் அவர் எழுதினார். அது பாடப் புத்தகங்களில் போய் உட்கார்ந்துகொண்டது. அந்தக் கணக்குப்படி பெற்றோரில் ஒருவருக்காவது நாக்கு உருண்டால்தான் பிள்ளைக்கு உருளும். இரண்டு பேருக்குமே வராவிட்டால் பிள்ளைக்கு வர வழியே இல்லை.

சத்துணவு சாப்பிட்டுத் தூங்கி விழும் மதிய வகுப்பில் நாக்கை நீட்டி உருட்டினால் போதும், மொத்த வகுப்பும் எழுந்து உட்காரும். ‘நாக்கு சார்’ என்று எனக்குப் பட்டப்பெயரே உண்டு. அதில் எனக்குப் பெருமை.

ஒரு பணியிடைப் பயிற்சியில், டீ இடைவேளையின்போது ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் என் காலை வாரிவிட்டார். 1952-இல் பிலிப் மேட்லாக் என்பவர் ஒரே கருவில் உருவான இரட்டையர் 33 ஜோடியைச் சோதித்திருக்கிறார். அதில் 7 ஜோடியில் ஒருவருக்கு நாக்கு உருள, மற்றவருக்கு உருளவில்லை. மரபணு ஒன்றேயாக இருக்கிறவர்களுக்குள்ளேயே இப்படி என்றால் அந்த எளிய கணக்கு எப்படி நிற்கும்? ஜப்பானியப் பள்ளிப் பிள்ளைகளில் 6, 7 வயதில் நாக்கு உருட்டுவோர் 54 சதவீதம், 12 வயதில் 76 சதவீதம் என்று 1951-இலேயே ஒரு கணக்கு வந்திருக்கிறது. பிறவிப் பண்பு என்றால் வயசாக ஆக ஏன் கூட வேண்டும்? ஸ்டர்ட்டிவன்ட்டே 1965-இல், இன்னும் இதைப் புத்தகங்களில் பார்க்கச் சங்கடமாக இருக்கிறது என்று எழுதிவிட்டாராம்.

இரட்டையர், ஜப்பான் எல்லாம் எனக்கு எதற்கு? அத்தாட்சி என் வாய்க்குள்ளேயே இருந்தது. கண்ணாடி பார்த்துப் பழகியவன் நான். ஆனாலும் அடுத்த வருசமும் அதே பாடம், அதே நாக்கு.

அந்த வருசம்தான் அது நடந்தது. வீட்டில் யார் யாருக்கு நாக்கு உருள்கிறது என்று பார்த்துக் குடும்ப வரைபடம் போட்டு வரச் சொல்லியிருந்தேன். நன்றாக நாக்கு உருட்டும் ஒரு பையன் எழுந்து, “அப்பாவுக்கும் வரல, அம்மாவுக்கும் வரல சார்” என்றான். என் கையெழுத்தில் விதி கரும்பலகையில் இருந்தது.

“அப்படி வராதே. நல்லாப் பாத்தியா?”

“பாத்தேன் சார்.”

பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல்: “அப்ப இவன் யாரு புள்ள சார்?”

வகுப்பே வெடித்துச் சிரித்தது. நானும் சிரித்தேன். அந்தப் பையன் நோட்டில் போட்டிருந்த வரைபடத்தை உள்ளங்கையால் மூடிக்கொண்டு உட்கார்ந்தான்.

அவன் அம்மா பள்ளிக்கு வந்தார். மில்லில் ஷிப்ட் முடிந்து நேராக வந்திருக்க வேண்டும். தலைமுடியிலும் புருவத்திலும் பஞ்சு ஒட்டியிருந்தது. உள்ளே வராமல் வேப்பமரத்தடியிலேயே நின்றார். “நான் ஆரு புள்ளம்மான்னு ராத்திரி கேக்கான் சார். அத காதுல வாங்குன அவங்கப்பாரு சாப்பிடாம எந்திரிச்சுப் போயிட்டாரு. அப்படி என்ன பாடம் சார் அது?”

பாடம் தப்பு, நானே பழகித்தான் உருட்டுகிறேன் என்று ஒரு வரி சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். நான் சொன்னது இது: “ஒண்ணுமில்லம்மா, நூத்துல ஒண்ணு அப்படியும் வரும்.” சந்தேகத்தைத் துடைப்பதாக நினைத்து அதற்குத் தண்ணீர் ஊற்றிவிட்டேன். அவர் கெட்டிக்காரர். “அப்ப அதக் கிளாஸ்ல எல்லாருக்கும் முன்னால சொல்லிருங்க சார்” என்றார். தலையாட்டினேன். சொல்லவில்லை. நாக்கு சார் என்ற பட்டம் போய்விடுமே!

இந்த இடத்தில் என்னோடு ஒப்பிட்டுப் பார்க்க ஒருவர் உண்டு: கலிபோர்னியாவில் டொனால்ட் உங்கர் என்று ஒரு மருத்துவர். விரலில் சொடக்கு எடுத்தால் மூட்டுவாதம் வரும் என்று சின்ன வயசில் அவருடைய அம்மாவும் அத்தைகளும் மிரட்டியிருக்கிறார்கள். (நம் ஊர்க் கிழவிகள் நெட்டி முறித்துத் திருஷ்டி கழிப்பதைப் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்களோ!) மனுசர் 50 வருசம் இடது கையில் மட்டும் சொடக்கு எடுத்து, வலது கையைச் சும்மா விட்டு, இரண்டுக்கும் வித்தியாசமில்லை என்று 1998-இல் எழுதினார். 2009-இல் அவருக்குச் சிரிப்பு நோபலான இக்நோபல் பரிசு கொடுத்தார்கள். பெரியவர்கள் சொன்னதைத் தன் உடம்பிலேயே சோதித்து, தெரிந்ததை ஊருக்குச் சொன்னார். நானோ உடம்பிலேயே விடை இருந்தும் வாய் திறக்கவில்லை.

அடுத்த வருசத்திலிருந்து சத்தமில்லாமல் அந்தப் பாடத்தை விட்டேன். அதையே பிராயச்சித்தம் என்று மனசைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். அந்தப் பையனை அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் பார்த்தால், “வணக்கம் சார்” என்று மரியாதையாகத்தான் பேசுகிறான். நான் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று நழுவிவிடுவேன்.

சிரித்தவர்கள் முன்னால்தானே திருத்த வேண்டும்? அவர்கள் திருப்பூர், சென்னை, துபாய் என்று சிதறிப்போனார்கள் என்றும் சாக்குச் சொல்ல முடியாது. அந்த வகுப்புக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. நானும் அதில் இருக்கிறேன். தினமும் பூப்படம் வைத்துக் காலை வணக்கம் போடுகிறேன். பழசைக் கிளறினால் அவனுக்குத்தானே கஷ்டம் என்று இத்தனை காலம் அதற்கும் ஒரு சாக்கு வைத்திருந்தேன். இனி முதலில் அவனிடம் கேட்டுக்கொண்டு, பிறகு அங்கே எழுதப்போகிறேன். ஆனால் நான் சொல்வதை நம்பிவிடாதீர்கள். வேப்பமரத்தடியில் ஏற்கெனவே ஒருமுறை தலையாட்டியவன் நான்.