சப் டீக் ஹை, சாப்

பட்டாளத்தில் சேர்ந்தவனுக்குத் துப்பாக்கி கைக்கு வரும் முன்பே வாயடக்கம் வந்துவிடும். உஸ்தாத், அதாவது பயிற்சி தருபவர், கேட்டால் பதில் சொல்லலாம். கேட்காதவரை சாவ்தானில், அசையாமல் விறைப்பாக, நிற்க வேண்டியதுதான். ‘எல்லாம் சரியா?’ என்று அதிகாரி கேட்டுக்கொண்டே வரிசையைக் கடந்துபோனால், வரிசை முழுவதும் ஒரே குரலில் ‘சப் டீக் ஹை, சாப்’ என்று சொல்லும். பூட்ஸுக்குள் கால் கொப்புளித்துச் சீழ் வைத்திருந்தாலும் அதே பதில்தான். அப்படிச் சொல்லி நின்றவன் நான். பிறகு தோளில் நட்சத்திரத்தோடு அதே மாதிரி வரிசைகளைக் கடந்து நடந்தவனும் நான்தான்.

அந்த வாயடக்கம் எனக்குப் புதிதில்லை. கலசபாக்கம் பக்கம் ஒரு கிராமம் எங்களுடையது. அப்பா வாரத்துக்கு நிலம் எடுத்து மல்லாட்டை (நிலக்கடலை) போடுவார். களத்தில் மூட்டை எடை போடும் நாளில், நிலத்துக்காரர் சொல்வதுதான் கணக்கு. அப்பா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு தராசையே பார்த்தபடி நிற்பார். முள் எங்கே நின்றது என்று அவருக்கும் தெரியும், பக்கத்தில் நின்ற எனக்கும் தெரியும். ஒரு வார்த்தை பேசமாட்டார். ஆனால் கார்த்திகை தீபத்தன்று திருவண்ணாமலை மலை உச்சியில் தீபம் ஏறியது தெரிந்ததும், தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி ‘அண்ணாமலையானுக்கு அரோகரா’ என்று குரல் கொடுப்பார். இத்தனை பெரிய குரல் களத்தில் ஏன் வெளியே வரவில்லை என்று சின்ன வயதில் ரொம்ப யோசித்திருக்கிறேன்.

குன்னூரை ஒட்டிய வெலிங்டனில், மதராஸ் ரெஜிமென்ட் மையத்தில் பயிற்சி முடித்து யூனிட்டுக்குப் போனேன். அங்கே பாடம் எடுக்கும் மலையாளி ஹவில்தார் ஒருவர்தான் ஏ.சி.சி. பற்றி முதலில் சொன்னார். “தம்பி, நீ பன்னிரண்டு பாஸ்தானே? ஏன் சும்மா இருக்கே, பாரத்தை எழுதிப் போடு” என்றார். ஏ.சி.சி. என்றால் ஆர்மி கேடட் காலேஜ். 1929-இல் நவ்காங்கில் கிச்சனர் காலேஜாகத் தொடங்கியது, 1960-இல் இந்தப் பெயரைப் பெற்றது. பிறகு பூனாவுக்குப் போய், 1977-இல் டேராடூன் ராணுவ அகாடமியோடு சேர்ந்தது. இரண்டு வருஷம் சர்வீஸ் ஆன, 20 முதல் 27 வயதுக்குட்பட்ட ஜவான்கள் எழுதலாம். எழுத்துத் தேர்வு, பிறகு எஸ்.எஸ்.பி. என்கிற தேர்வு வாரியத்தின் சோதனைகள், அதில் தேறினால் மூன்று வருஷப் படிப்பு. டிகிரி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் பெயரில் வரும். அதற்கு மேல் ஒரு வருஷம் அகாடமியில் அதிகாரிப் பயிற்சி. பல வருஷ சேவைக்குப் பின் சுபேதார்களுக்குக் குடியரசு தினத்திலும் சுதந்திர தினத்திலும் தருகிற கௌரவ லெப்டினன்ட், கௌரவ கேப்டன் பட்டங்கள் வேறு. கார்கில் போரின் டைகர் ஹில் வீரர் யோகேந்திர சிங் யாதவ் 2021-இல் கௌரவ கேப்டன் ஆனார். அது செய்த சேவைக்கான மரியாதை. ஏ.சி.சி. வழியாக வருகிறவன் மற்ற லெப்டினன்ட்களைப் போலவே முதல் நாளிலிருந்து ஒரு பிளட்டூனுக்குப் பொறுப்பாகிறான்.

ஏன் எழுதினேன் என்பதை மறைக்காமல் சொல்கிறேன். தலைமை, தேசம் என்ற பெரிய எண்ணம் எதுவும் அப்போது இல்லை. யூனிட்டுக்குப் புதிதாக வந்த இளம் லெப்டினன்ட் ஒருவருக்கு எங்கள் சுபேதார் சாப் விறைப்பாக சல்யூட் அடித்தார். அந்த லெப்டினன்ட் பிறக்கும் முன்பே பட்டாளத்தில் சேர்ந்தவர் அவர். அதைப் பார்த்ததும் எனக்குப் பொறாமை வந்தது. ராத்திரி பாரக்கில் விளக்கணைத்த பிறகு கழிப்பறை விளக்கடியில் என்னை இங்கிலீஷ் இலக்கணம் படிக்க வைத்தது அந்தப் பொறாமைதான்.

எஸ்.எஸ்.பி. ஐந்து நாள் நடக்கும். அறுபது வார்த்தைகளை ஒவ்வொன்றாகத் திரையில் காட்டுவார்கள். வார்த்தைக்குப் பதினைந்து விநாடி, அதற்குள் மனதில் தோன்றியதை ஒரு வாக்கியமாக எழுதியாக வேண்டும். அது ஒருவழியாக வந்தது. குழு விவாதத்தில்தான் தடுமாறினேன். சீக்கியர், கூர்க்கா, சிக்னல்காரர் என்று எல்லோரும் என்னைப் போன்ற ஜவான்கள். அரைவட்டமாக உட்கார்ந்தோம். தலைப்பைச் சொல்லிவிட்டு அதிகாரி ஒதுங்கிக்கொண்டார். யாரும் வாயைத் திறக்கவில்லை. உத்தரவு வராமல் பேசக்கூடாது என்று பழகிய உடம்பு ஒவ்வொன்றும் இன்னொருவன் தொடங்கட்டும் என்று காத்திருந்தது. உன் அபிப்பிராயம் என்ன என்று பட்டாளத்தில் யாரும் அதுவரை எங்களைக் கேட்டதே இல்லை.

இரண்டாவது தலைப்பு, கிராமத்து ஜனங்கள் ஏன் நிலத்தை விட்டுவிட்டு நகரத்துக்குப் போகிறார்கள் என்பது. உழைக்கச் சோம்பேறித்தனம் என்றான் ஒருவன். எனக்குள் என்னவோ அறுந்தது. உடைந்த இங்கிலீஷில், நடுவே இந்தி கலந்து, களத்தையும் தராசையும் சொன்னேன். முள் இங்கே நிற்கும், கணக்கு அங்கே நிற்கும், அந்த வித்தியாசத்தில்தான் என் அப்பாவின் வருஷம் போகும் என்றேன். அப்பா பேசாததையெல்லாம் அன்றைக்கு நான் பேசினேன் என்று பிறகுதான் உறைத்தது.

தேர்வாகி டேராடூன் போன பிறகு, அங்கே நூலகத்தில் ஒரு சங்கதி தெரிந்தது. 1932-இல் அகாடமி தொடங்கியபோது முதல் வகுப்பில் நாற்பது பேர். நமக்குத் தெரிந்த மானெக்‌ஷா அதில் ஒருவர். சிப்பாயாகப் பட்டாளத்தில் சேர்ந்து, படையிலிருந்து தேர்வாகி அதே வகுப்பில் உட்கார்ந்தவர் முகமது மூசா. பர்மா ரைபிள்ஸில் இருந்து வந்தவர் ஸ்மித் டன். பின்னாளில் மூவரும் மூன்று நாடுகளின் ராணுவத்துக்குத் தலைமை வகித்தார்கள். போட்டித் தேர்வெழுதி வந்தவர்களின் பக்கத்து நாற்காலியில், பாரக்கிலிருந்து வந்தவர்களும் முதல் வகுப்பிலேயே இருந்திருக்கிறார்கள். எனக்கு அது பெரிய தெம்பு.

கமிஷன் கிடைத்து வேறொரு ரெஜிமென்ட்டுக்குப் போனேன். நானும் ஜவானாக இருந்தவன், என்னிடம் மனம்விட்டுப் பேசுவார்கள் என்று முழுமனதாக நம்பினேன். முதல் நாள் வரிசையில் நடந்தேன். ‘சப் டீக் ஹை, சாப்.’ அந்தக் குரலின் ஏற்ற இறக்கம்கூட எனக்கு அத்துப்படி, ஏனென்றால் அது என்னுடைய குரல். என் பழைய சர்வீஸ் அவர்களுக்கு ஒரு பொருட்டே இல்லை. தோளில் இருந்த நட்சத்திரம்தான் அவர்கள் கண்ணில் பட்டது. அதில் அவர்கள் மேல் குற்றம் சொல்ல எதுவுமில்லை.

அதற்குப் பிறகு அந்தக் கேள்வியையே நான் கேட்பதில்லை. ‘டீக் ஹை’ என்று பதில் சொல்ல முடியாத கேள்வியாகப் பார்த்துக் கேட்பேன். வீட்டோடு கடைசியாக எப்போது பேசினாய்? அம்மா என்ன சொன்னாள்? லங்கரில், அதாவது சாப்பாட்டுக் கூடத்தில், நேற்று ராத்திரி எதை மிச்சம் வைத்தாய்?

உயரமான மலை போஸ்ட் ஒன்றில் இருந்தபோது இந்த ‘டீக் ஹை’ உயிர்ப்பிரச்சினை ஆனது. அங்கே குளிர், விரலைத் தின்பது தெரியாமல் தின்னும். உறைகிற விரல் முதலில் மரத்துப்போகும், வலிக்காது. வலிக்காததால் ஜவானும் சொல்லமாட்டான். ஒருநாள் சாயங்காலம் பங்கருக்குள் போய் முதலில் என் பூட்ஸையும் இரண்டு சாக்ஸையும் கழற்றிவிட்டு, ஸ்டவ் பக்கத்தில் காலை நீட்டினேன். என் கால் விரல்களை ஒவ்வொன்றாக அழுத்தி, வெளுத்த இடத்தில் சிவப்பு திரும்புகிறதா என்று எல்லோரும் பார்க்கச் செய்தேன். பையன்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு அவர்களும் கழற்றினார்கள். ஒரு தெலுங்குப் பையனின் இடது காலில் இரண்டு விரல் மெழுகு மாதிரி வெளுத்து இருந்தது. அழுத்தினால் நிறம் திரும்பவில்லை. காலையில் வரிசையில் ‘டீக் ஹை’ சொன்னவன்தான். மறுநாள் விடிந்ததும் கீழே அனுப்பினோம். விரல்கள் பிழைத்தன.

குண்டு பறக்கும்போது கேள்வி கேட்காத கீழ்ப்படிதல் இல்லாமல் ஒரு படை நிற்காது. அதில் எனக்கு இன்றும் மாற்றுக் கருத்து இல்லை. மற்ற நேரங்களிலும் அதே மௌனம் தொடர்ந்தால் ஆள் சேதமாகும். அதை உடைக்க வேண்டியவன் அதிகாரிதான், ஜவானால் முடியாது. ஜவான்களை அதிகாரி சந்திக்கும் மாதாந்திர சைனிக் சம்மேளனில் யாரும் கேள்வி கேட்கவில்லை என்றால், படையில் குறையே இல்லை என்று எழுதிக்கொள்கிற அதிகாரியை எனக்குப் பிடிக்காது.

ஓய்வு பெற்றுத் திருவண்ணாமலைக்கே வந்துவிட்டேன். கிரிவலப் பாதையில் விடியும் முன்பே ஆள்சேர்ப்புக்காக ஓடிப் பழகும் பையன்களைப் பார்க்கலாம். 1.6 கிலோமீட்டரை எத்தனை நிமிஷத்தில் முடிக்கலாம் என்பதுதான் அவர்களுடைய பேச்சு. சேர்ந்த பிறகு ஏ.சி.சி. என்று ஒன்று இருக்கிறது என்பது அவர்களில் பலருக்குத் தெரியாது. தெரிந்தவனும், “இங்கிலீஷ் வராது சார்” என்று தலையைக் குனிந்துகொள்கிறான். பயிற்சிக் காலத்தில் சம்பளம் நின்றுபோனால் வீட்டுக்கு எதை அனுப்புவது என்று பயப்படுகிறவனும் உண்டு. சம்பளம் வந்துகொண்டிருக்கும் என்று சொல்லி அனுப்புகிறேன்.

ஓட்டம் முடிந்ததும் அந்தப் பாதையில் உள்ள வாயுலிங்கக் கோயிலுக்குப் பக்கத்தில் உட்காரவைத்து ஒவ்வொருவரையும் இரண்டு நிமிஷம் பேசச் சொல்கிறேன். எதைப் பற்றியும் பேசலாம், தமிழிலும் பேசலாம், சத்தமாகப் பேச வேண்டும். பௌர்ணமியன்று கிரிவலப் பாதையில் வண்டிகளை அறவே நிறுத்த வேண்டும் என்று ஒருநாள் நான் சொன்னேன். போளூர்ப் பக்கத்துப் பையன் ஒருவன் எழுந்து, “அது சரியா வராது சார். அந்தப் பாதையிலேயே குடியிருக்கிறவங்க நிறைமாசக்காரியை எப்படி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவாங்க?” என்று கேட்டான். என்னிடம் பதில் இல்லை. அவன் இன்னும் பேசட்டும் என்று உட்கார்ந்துவிட்டேன்.